அண்ணையின் மூன்று சில்லும் இரண்டு கணவாய்களும்

வழியில் எங்களை மறித்துக் கதைத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வியைத்தான். சைக்கிளுக்குப் பின்னால் கொழுவியிருக்கிற இழுவண்டிக்குள் சக்கர நாற்காலி எதற்கு? முன்னால் ஒரு மனிதர் நிலத்துக்குக் கிட்டச் சாய்ந்திருந்து, மூன்று சில்லு வண்டியொன்றைக் கையால் சுற்றிச் சுற்றி மலையேறிக்கொண்டிருக்கிறார், பின்னால் நான் அவருடைய நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறேன். அவருக்குத்தான் வண்டி இருக்கிறதே, பிறகு நாற்காலி ஏன் என்பது பார்க்கிறவர்களுக்கு உடனே விளங்காது. ஹாண்ட்பைக் என்கிற அந்தக் கையால் சுற்றுகிற வண்டி வீதிக்கு மட்டும்தான். கடைக்குள்ளும் மலசலகூடத்துக்குள்ளும் படுக்கிற அறைக்குள்ளும் அது போகாது. இரண்டு மீற்றருக்கு மேல் நீளம், திரும்புவதற்கே ஒரு முற்றம் வேண்டும். நாற்காலியை விட்டுவிட்டு வெளிக்கிட்டால், காலையில் ஏறின வண்டியிலேயே அவர் இரவு வரைக்கும் கிடக்கவேண்டியதுதான்.

இந்த மாதிரிச் சின்ன விசயங்களைத்தான் நாங்கள் வெளிக்கிடுவதற்கு முன்னம் தேடித் தேடிப் பார்த்தோம். ஜேர்மன் மொழியில் கொஞ்சம் கிடைத்தது. தமிழில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் ஆட்களில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர், ஊரிலும் இருக்கிறார்கள், இங்கே சுவிசிலும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது அல்லது அவர்களுடைய வீட்டுக்காரர் ஒருவராவது இதை வாசித்துவிட்டு ஒரு மலைப் பயணத்துக்குத் திட்டம் போடவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணை என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் விறகும் நெல்லும் மண்ணெண்ணெயும் சைக்கிளில்தான் வரும், வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் சைக்கிளில்தான். சைக்கிள் என்பது அவருக்குப் பொழுதுபோக்காக ஒருநாளும் இருந்ததில்லை. சுவிசுக்கு வந்து முதலில் உணவகக் குசினி, பிறகு கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்ததில் நெஞ்சுப் பகுதியின் நாலாவது முள்ளெலும்பு மட்டத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டது. அந்த மட்டத்துக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. செம்பாக் ஏரிக்கரையில் நொட்வில் என்ற ஊரில், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கென்று இருக்கிற பராப்பிளேஜிக்கர் மையத்தில் மாதக்கணக்காக இருந்தார். குய்டோ ட்செக் என்ற மருத்துவரின் முயற்சியில் 1990 இல் திறக்கப்பட்ட இடம் அது. அங்கே ஓட்டப்பாதையில் ஹாண்ட்பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தவர்களைச் சன்னலுக்குள்ளால் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்தது.

அந்த ஊரில் ஹைன்ஸ் ஃபிறாய் என்ற பெயரைத் தெரியாதவர் இல்லை. 1978 இல் ஒரு மலையோட்டப் போட்டியில் விழுந்து நடக்க முடியாமற் போனவர், 20 வயது. பிறகு பராலிம்பிக்கில் 15 தங்கம் வென்றார். தோக்கியோவில் ஹாண்ட்பைக் வீதிப் போட்டியில் வெள்ளி எடுக்கும்போது அவருக்கு 63 வயது. எங்களுக்கு இன்னும் ஐம்பதுகூட முழுசாய் ஆகவில்லை தம்பி, கோத்தார்ட் கணவாய் என்ன தூரத்திலா இருக்கிறது என்று அண்ணை ஒருநாள் கேட்டார். பயணம் தொடங்கினது அந்தக் கேள்வியில்தான்.

போட்ட பாதை இது: நொட்வில், லுட்சேர்ன், ஏரியால் ஃபுளூவெலன், ரொய்ஸ் பள்ளத்தாக்கால் அன்டெர்மாட், கோத்தார்ட் கணவாய் 2,106 மீற்றர், தெற்கே இறங்கி ஐரோலோ, பெல்லின்சோனா, அங்கிருந்து திரும்ப வடக்கே மிசொக்ஸ் பள்ளத்தாக்கால் ஏறி சன் பெர்னார்டினோ கணவாய் 2,066 மீற்றர், கடைசியில் கூர். ஆல்ப்ஸை ஒருதரம் தெற்கு நோக்கியும் ஒருதரம் வடக்கு நோக்கியும் கடக்கிற வளையம்.

ஹாண்ட்பைக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதன் குணம் தெரியாமல் அதோடு கூடப் போக முடியாது. சாதாரண சைக்கிளில் பெடல் மாறி மாறிச் சுற்றும். இதில் இரண்டு கைப்பிடியும் ஒன்றாகவே சுற்றும், ஒன்றாய்த் தள்ளி ஒன்றாய் இழுக்கவேண்டும். செயினும் கியரும் மோட்டாரும் எல்லாம் முன் சில்லில்தான். திருப்புவதும் அதே கைகளால், பிறேக் பிடிப்பதும் அதே கைகளால். ஏற்றத்தில் உடம்பின் பாரம் பின் சில்லுகளுக்குப் போய்விடும், முன் சில்லு இலேசாகும், கல்லும் மண்ணுமான பாதையாக இருந்தால் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். அந்த நேரத்தில் நான் என் சைக்கிளைச் சாத்திவிட்டு ஓடிவந்து அவருடைய முதுகுச் சாய்வைப் பிடித்துத் தள்ளவேண்டும். அதனால் எங்களுக்கு வரைபடத்தில் ஏற்றத்தின் வீதத்தைவிட வீதியின் தரை முக்கியம். தார் வீதி எட்டு வீதம் ஏறினாலும் போகலாம், சரளைக்கல் ஐந்து வீதம் என்றாலே யோசிக்கவேண்டும்.

இன்னொன்று, மழைத்தண்ணீர் வடிவதற்காக வீதியைக் கரைப்பக்கம் சரிவாய்த்தான் போடுவார்கள். இரண்டு சில்லில் போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. மூன்று சில்லு வண்டி கரையை நோக்கி இழுபடும், அதை நாள் முழுக்க ஒரு பக்கக் கையால் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். மாலையில் அண்ணையின் இடது தோளும் வலது தோளும் ஒரே மாதிரிக் களைப்பதில்லை. எத்தனையோ வருசமாய்ச் சைக்கிள் ஓடுகிற எனக்கு வீதி சரிந்திருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் தெரியும்.

மோட்டார் வைத்தால் அது சைக்கிள் ஓட்டமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வட்டத்திலேயே கேட்டார்கள். அண்ணைக்குத் தோள்தான் கால். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது தோளால், நாற்காலியிலிருந்து மலசலகூடத்துக்கு மாறுவது தோளால், காருக்குள் ஏறுவதும் தோளால். அந்த மூட்டு ஒருதரம் கெட்டால் ஒரு பயணம் மட்டும் இல்லாமற் போகாது, வீட்டுக்குள் தனியே சீவிக்கிற சுதந்திரமே போய்விடும். நாற்காலிச் சில்லைத் தள்ளுவதைவிட ஹாண்ட்பைக் சுற்றுவது தோளுக்கு இதம் என்று பிசியோக்கள் சொல்வார்கள், ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது, 1,800 மீற்றர் ஏற்றம் அந்த எல்லைக்கு அப்பால். செங்குத்தான இடத்தில் மட்டும், ஆகக் குறைந்த அளவில் மோட்டாரைப் போடுவது என்று முடிவெடுத்தது அவர். தன் உடம்பை நாற்பது வருசம் பாவிக்கவேண்டும் என்று கணக்குப் போடுகிற ஒருவரிடம் மற்றவர்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

லுட்சேர்ன் வரைக்கும் சமதரை, இலகுவான பாதைதான் என்று நினைத்திருந்தோம். மினக்கெட்டது அங்கேதான். கார் உள்ளே வராமல் இருப்பதற்குச் சைக்கிள் பாதையின் வாயில்களில் இரும்புக் கம்பங்களும், வளைந்து வளைந்து போகவேண்டிய மாதிரி இரண்டு குறுக்குத் தடுப்புகளும் போட்டிருப்பார்கள். சைக்கிள்காரன் ஒரு காலை ஊன்றி நெளித்துக்கொண்டு போய்விடுவான். அண்ணையின் வண்டி அந்த இடைவெளியில் திரும்பாது. முன்பக்கம் நுழைந்து, பின் சில்லு கம்பத்தில் முட்டி, திரும்பப் பின்னுக்கு எடுத்து, நான் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி... ஒவ்வொரு தடுப்பிலும் இதே கதை. கோத்தார்ட்டின் ஒரு வளைவும் எங்களை அவ்வளவு நேரம் மறித்ததில்லை. மலையை யாரும் எங்களுக்கு எதிராகக் கட்டவில்லை, அது சரிந்திருக்கிறது, ஏறினால் ஏறுப்படும். அந்தத் தடுப்பை மேசையில் இருந்து வரைந்த ஒருவர் இருக்கிறார், அவர் வரையும்போது இரண்டு சில்லைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை. இது எனக்கு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.

புறுன்னனுக்கும் ஃபுளூவெலனுக்கும் இடையில் ஏரியை ஒட்டிப் போகிற ஆக்சன் வீதி பார்க்க வடிவான வீதி, ஆனால் ஒடுக்கம், லொறியும் காரும் நெருக்கமாய் ஓடும். நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் படுத்திருக்கிற மனிதரை ஒரு லொறிச் சாரதி காண்பது கஷ்டம். கொடி கட்டியிருந்தோம், இருந்தாலும் அந்த வீதி வேண்டாம் என்று லுட்சேர்னிலேயே கப்பலில் ஏறினோம். பணியாளர்கள் பலகையைச் சரித்துப் போட்டு, அண்ணை தானாகவே சுற்றிக்கொண்டு உள்ளே ஏறினார். மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட ஏரி, நாங்கள் பாணும் இடிச்ச சம்பலும் சாப்பிட்டோம், அண்ணை தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு நித்திரையும் கொண்டார்.

ஃபுளூவெலன் 435 மீற்றர், அங்கிருந்து தொடங்குகிறது ஏற்றம். எர்ஸ்ட்ஃபெல்ட் தாண்டி அம்ஸ்டேக் வந்ததும் பள்ளத்தாக்கு ஒடுங்கும், பக்கத்தில் மோட்டார்வே தூண்களில் போகும், ரயில்பாதை மலைக்குள் சுருள் சுருளாய் நுழைந்து ஏறும். வாசன் தேவாலயத்தை ரயிலில் போகிறவர்கள் மூன்று வேறு உயரங்களில் மூன்றுதரம் காண்பார்கள், எங்களுக்கு அது ஒரே ஒருதரம்தான் கிடைத்தது, ஆனால் நெடுநேரம்.

வாசனுக்குக் கிட்டத்தான் அந்தச் சம்பவம். அண்ணை சுற்றுவதை நிறுத்திவிட்டு, "தம்பி, தலை இடிக்குது" என்றார். முகம் சிவந்து நெற்றியில் வியர்வை. வேறொருவர் என்றால் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்துச் சாயவைத்திருப்போம். முள்ளந்தண்டின் மேற்பாதியில், நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்புக்கு மேலே காயப்பட்டவர்களுக்கு இப்படி வந்தால் சாயவைக்கவே கூடாது. உடம்பின் கீழ்ப்பாகத்தில் ஏதோ ஒன்று நெருக்குகிறது, சலப்பை நிரம்பியிருக்கலாம், சப்பாத்து இறுகியிருக்கலாம், மூளைக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது, ஆனால் நரம்புகள் தாங்களாகவே இரத்த அழுத்தத்தைக் கண்டபடி ஏற்றிவிடும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்களுக்கு இது பாடம். நான் அவரை நிமிர்த்தி இருத்தினேன், அவர் நெஞ்சுப் பட்டியைக் கழற்றினார், நான் காற்சட்டையின் கீழே சலக்குழாயைத் தடவிக்கொண்டு போனேன். தொடைக்கும் இருக்கைக்கும் நடுவில் குழாய் மடிந்து கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் பையுக்குள் சலம் இறங்கத் தொடங்கினது, கொஞ்ச நேரத்தில் தலையிடி விட்டது. ஒரு மடிந்த குழாய், அவ்வளவுதான். கூடப் போகிற யாருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காகத்தான் கூச்சப்படாமல் எழுதுகிறேன், எழுதலாம் என்று அண்ணையும் சொன்னார்.

கோஷனனிலிருந்து அன்டெர்மாட் வரை ஷொலெனன் மலையிடுக்கு. தூரம் கொஞ்சம், ஏற்றம் மூன்று நூறு மீற்றருக்கு மேல். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், கீழே ரொய்ஸ் ஆறு இரைகிறது, நடுவில் பிசாசுப் பாலம். பாலம் கட்ட முடியாமல் ஊரி மாநிலத்தார் பிசாசைக் கட்டச் சொன்னார்களாம், முதலில் கடக்கிற உயிர் தனக்கு என்று பிசாசு கேட்டதாம், ஊர்ச்சனம் ஒரு ஆட்டைக் கலைத்து விட்டதாம். அண்ணைக்கு இந்தக் கதை நல்லாய்ப் பிடித்துவிட்டது, ஆடுதான் பாவம் என்று மேலே போகும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

இங்கே வேகம் மணிக்கு ஆறு கிலோமீற்றர். இதில் எனக்குத்தான் கஷ்டம், ஏனென்றால் இரண்டு சில்லு ஒரு அளவுக்குக் கீழே மெதுவாய்ப் போனால் தள்ளாடும், அதுவும் பின்னால் இழுவண்டியோடு. மூன்று சில்லுக்கு அந்தப் பயமே இல்லை. ஏற்றத்தின் நடுவில் எங்கே வேண்டுமானாலும் பிறேக்கைப் பூட்டிவிட்டு நின்று, மூச்செடுத்து, மோட்டாரின் சூட்டை ஆறவிட்டு, திரும்ப நின்ற இடத்திலிருந்தே வெளிக்கிடலாம். நான் இறங்கி, திரும்ப ஏறி, பெடலில் கால் வைத்து ஓட்டம் பிடிப்பதற்குள் அவர் அடுத்த வளைவுக்குப் போய்விடுவார். நீ அவருக்காகக் காத்து நின்றாயா என்று பிறகு நிறையப்பேர் கேட்டார்கள். ஏற்றத்தில் காத்து நின்றது அவர்.

வளைவுகளில் நான் அவருக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாய் வெளியே தள்ளி ஓடுவேன். கொண்டை வளைவின் உட்பக்கம் செங்குத்து, அவர் வெளிப்பக்கமாய் அகலமாய் எடுப்பார், அப்போது பின்னால் வருகிற கார் எங்களைத் தாண்ட நினைக்கக்கூடாது. "வருது", "பெரிசு", "போகலாம்". இந்த மூன்று சொல்லும் போதும் எங்களுக்கு.

அன்டெர்மாட்டில் சாப்பிடப் போன இடத்தில் முன்வாசலுக்கு மூன்று படி. படி இல்லை என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை, நடக்கிறவர்களின் கண்ணுக்கு மூன்று படி தெரிவதில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால் பியர்ப் பீப்பாய் உருட்டுவதற்கு அருமையான சாய்தளம் ஒன்று இருக்கிறது, அது குசினிக்குள் போகிறது. அதால் போனோம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு ஐயா திரும்பிப் பார்த்து, "தமிழோ?" என்றார். எந்த ஊர், எந்த வருசம் வந்தது, எங்கே வேலை, எல்லாம் அந்த வாசலிலேயே நடந்தது. அண்ணை இருபது வருசத்துக்கு முன்னம் தான் நின்ற மாதிரியான ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை நிறுத்தி, அவரோடு கன நேரம் கதைத்தார். ஐயா எங்களுக்கென்று பணியாளர் சாப்பாட்டிலிருந்து சோறும் கறியும் போட்டுத் தந்தார். முன்பக்கச் சாப்பாட்டு மண்டபத்துக்கு நாங்கள் போகவேயில்லை.

அடுத்த நாள் காலை கணவாய். ஹொஸ்பென்டால் தாண்டினதும் மரங்கள் முடிந்துவிடும், புல்லும் கல்லும்தான். வார இறுதியில் மோட்டார்சைக்கிள்கள் குவியும் என்பதால் வேலைநாளாகப் பார்த்துத்தான் ஏறினோம். அண்ணை அரைவாசித் தூரம் மோட்டாரைத் தொடவேயில்லை. அவருடைய மட்டத்தில் காயப்பட்டவர்களுக்கு நாடித்துடிப்பு மற்றவர்கள் அளவுக்கு ஏறாமற் போகலாம், இதயத்தை முடுக்குகிற நரம்புகளில் ஒரு பகுதி காயத்துக்குக் கீழே இருந்து புறப்படுகிறது, வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் உதவிக்கு வராது. இரண்டு கையும் தோளும் மட்டும் அந்த முழு உடம்பையும் வண்டியையும் மேலே கொண்டுபோகவேண்டும். என் கண்ணுக்கு முன்னால் அந்த இரண்டு முழங்கையும் மேலே வந்து கீழே போவதை மணித்தியாலக் கணக்காய்ப் பார்த்துக்கொண்டு வந்தேன், ஒரே சீர், அவசரமில்லை.

மேலே ஏரிகள், காற்று, சரியான குளிர். வடக்கே ஓடுகிற ரொய்ஸின் தண்ணீர் ரைனோடு சேர்ந்து வடகடலுக்குப் போகிறது, தெற்கே ஓடுகிற திச்சினோ போ ஆற்றோடு சேர்ந்து அத்ரியாற்றிக் கடலுக்கு. அண்ணை பற்றரியைச் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டு, "தம்பி, காலைப் பார்" என்றார். இது மேலே ஏறினால் கட்டாயம் செய்கிற வேலை. கால் குளிர்வது அவருக்குத் தெரியாது, விரல் விறைத்து நீலமானாலும் தெரியாது. நான் சப்பாத்தைக் கழற்றி, இரண்டு சோடிக் காலுறையையும் இழுத்து, என் உள்ளங்கையை அவருடைய குதிக்காலில் வைத்துப் பார்த்தேன், பிறகு ஒவ்வொரு விரலாய். குளிர்ந்திருந்தது, நிறம் மாறவில்லை. உலர்ந்த காலுறை மாற்றி, சுருக்கம் ஒன்றும் இல்லாமல் விரலால் நீவிவிட்டு, சப்பாத்தை இறுக்காமல் கட்டினேன். காலுறையின் ஒரு மடிப்புக்கூடத் தோலில் புண் ஆக்கும். அவர் அந்த நேரம் கைப்பேசியில் வீட்டுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

தெற்கே இறங்குவது ட்றெமோலா வீதியால். 1830ஐ அண்டிய காலத்தில் போட்டது, 24 கொண்டை வளைவு, தரை முழுக்கக் கருங்கல் பாவினது. அண்ணைக்கு முதலிலிருந்தே ட்றெமோலாதான் இலக்கு, ஏறினதெல்லாம் அதில் இறங்குவதற்கு என்பார். கல்லின் அதிர்வு என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாய்த் தெரியும், அதற்கென்று ஒருநாள் ஓய்வையும் திட்டத்தில் போட்டுவைத்திருந்தார். காலை இரண்டு பட்டியால் கட்டினோம், ஏனென்றால் அதிர்ச்சியில் கால்கள் தாங்களாகவே துடித்து உதறும். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருதரம் நின்று பிறேக்கை ஆறவிட்டோம். கீழே பார்த்தால் வீதி மடிந்து மடிந்து கிடக்கிறது, ஒவ்வொரு மடிப்புக்கும் கல்லால் கட்டின தாங்குசுவர். அண்ணை சத்தமாய்ச் சிரித்துக்கொண்டே இறங்கினார், அந்தச் சிரிப்பும் கல்லில் அதிர்ந்து விட்டு விட்டு வந்தது. அவர் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அன்றிரவு ஐரோலோவில் தோலைப் பார்த்தோம். உணர்வில்லாத இடத்தில் நெடுநேரம் இருந்தால் படுக்கைப்புண் வரும், வந்தால் மாதக்கணக்காய்க் குப்புறக் கிடக்கவேண்டும். பார்க்கிற முறை எளிது: சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கவேண்டும், வெளுத்து, திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. அழுத்தினாலும் சிவப்பு அப்படியே நின்றால் நிறுத்தவேண்டும். இடுப்பெலும்பின் அடியில் ஒரு காசளவு இடம் வெளுக்கவில்லை. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, குப்புறப் படுத்துவிட்டார். அடுத்த நாள் முழுக்க அப்படியே கிடந்து, கிரிக்கெட் பார்த்து, பழைய பாட்டுக் கேட்டு, நான் வாங்கிவந்த பாற்கட்டியைச் சாப்பிட்டு, மாலையில் அழுத்திப் பார்த்தபோது வெளுத்தது. இன்னும் ஒருநாள் பொறுத்து, அதற்குப் பிறகுதான் வெளிக்கிட்டோம்.

லெவென்டினாப் பள்ளத்தாக்கு முழுக்க இறக்கம், வாகனமெல்லாம் மோட்டார்வேயில், பழைய வீதி எங்களுக்கு. பெல்லின்சோனாவில் மூன்று கோட்டை, நல்ல கோப்பி, அதற்குமேல் நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் வெக்கை. குளிரில் காலைப் பார்த்த அதே காரணம்தான் இங்கேயும். நெஞ்சுக்குக் கீழே அவருக்கு வியர்க்காது, உடம்பு சூடேறினால் தானாக ஆற வழியில்லை. பூக்கன்றுக்குத் தண்ணீர் அடிக்கிற விசிறுபோத்தல் ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கழுத்திலும் நெஞ்சிலும் வயிற்றிலும் அடிக்கவேண்டும், வியர்வை செய்யவேண்டிய வேலையை அந்தத் தண்ணீர் செய்கிறது. விடியமுன்னம் வெளிக்கிட்டு, பதினொரு மணிக்கு நிழலில் ஒதுங்குவது என்று மாற்றிக்கொண்டோம்.

மிசொக்ஸ் பள்ளத்தாக்கில் லொஸ்டாலோவுக்குக் கிட்ட 2024 ஜூன் வெள்ளம் நெடுஞ்சாலையின் ஒரு துண்டையே அள்ளிக்கொண்டு போனது. வீதியைத் திருத்திவிட்டார்கள், ஆற்றுக்குள் வீட்டளவு பாறைகள் இன்னும் கிடக்கின்றன. அண்ணை அங்கே நின்று நெடுநேரம் பார்த்தார். பெல்லின்சோனாவிலிருந்து கணவாய் வரை 1,800 மீற்றருக்கு மேல் ஏற்றம், அதை ஒரே நாளில் முடிக்க நாங்கள் நினைக்கவேயில்லை. மெசொக்கோவில் கோட்டை, அதற்கு மேலே வீதி செங்குத்தாகும், அங்கே பற்றரி முடிந்தது. மிச்சத்தை அண்ணை கையால் சுற்றினார், ஐம்பது மீற்றர், நிற்பது, ஐம்பது மீற்றர், நிற்பது. நான் தள்ளட்டுமா என்று கேட்டேன். "கேட்டால் தள்ளு" என்றார். கேட்கவில்லை.

இந்த நாட்டைப் பற்றி நல்லதொன்றும் சொல்லவேண்டும். யூரோகீ என்று ஒரு திறப்பு இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு. அந்த ஒரே திறப்பால் நாடு முழுக்க ரயில் நிலையங்களிலும் பொது இடங்களிலும் நூற்றுக்கணக்கான மலசலகூடங்களைத் திறக்கலாம். அண்ணையின் கழுத்தில் அது எப்போதும் தொங்கும். எங்கள் நாள்கள் எல்லாம் அந்தத் திறப்பு வேலை செய்கிற இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி போட்ட நாள்கள்தான். இன்னொரு பக்கம், 2004 இல் வந்த சமத்துவச் சட்டம் பொதுப் போக்குவரத்தை 2023 முடிவதற்குள் எல்லோரும் பாவிக்கக்கூடியதாக மாற்றவேண்டும் என்றது. இருபது வருசம் கொடுத்தும் எத்தனையோ நிலையங்கள் மாறவில்லை. எந்த நிலையத்தில் ஏறலாம், எதில் இறங்கலாம் என்று பார்த்துத்தான் எங்கள் தொடக்கமும் முடிவும் அமைந்தது.

சன் பெர்னார்டினோ ஊரிலிருந்து கணவாய்க்குப் போகிற வீதி நான் ஓடினதில் ஆக அமைதியானது. 1967 இல் சுரங்கம் திறந்த பிறகு வாகனங்கள் அதற்குள் போய்விட்டன, மேலே சின்ன ஏரி, பாறை, மாட்டு மணி. கோத்தார்ட்டைவிட இது எனக்குப் பிடித்தது, அண்ணைக்கு ட்றெமோலாதான், இதில் நாங்கள் இன்னும் உடன்படவில்லை. வடக்கே இறங்கினால் ரைன் ஆற்றின் ஒரு கிளையான பின்ரைன், ஆறு அங்கே இன்னும் ஒரு ஓடைதான்.

சில்லிஸ் ஊரின் தேவாலயத்துக்குள் மரக்கூரை முழுக்க 153 ஓவியப் பலகைகள், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காலத்தவை. மேலே அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நோகும் என்று வருகிறவர்கள் கையில் கண்ணாடி பிடித்துக்கொண்டு அதற்குள் பார்ப்பார்கள். அண்ணை நாற்காலியின் முன் சில்லுகளைக் கிளப்பி, என் நெஞ்சில் சாய்ந்து, நேராக மேலே பார்த்தார். அவருடைய பாரத்தைப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். ஒவ்வொரு பலகையாய், கடற்பூதங்கள், மீன் வால் வைத்த மிருகங்கள். பக்கத்திலிருந்த வியா மாலா மலையிடுக்கின் அடிக்குப் போக முந்நூறுக்கு மேல் படி, அதை வீதியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம், நான் மட்டும் இறங்கிப் பார்க்கச் சொல்லி அண்ணை வற்புறுத்தினார், எனக்கு மனம் வரவில்லை.

கூர் நிலையத்தில் ஹாண்ட்பைக்கின் பின் சில்லுகளைக் கழற்றி, இழுவண்டியை மடித்து, இரண்டு ரயிலை விட்டு மூன்றாவதில் இடம் கிடைத்தது. நொட்வில்லில் பிசியோ தோளைப் பார்த்துவிட்டு வீக்கமில்லை என்று சொல்லிவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்றே அண்ணை ஃபுர்க்கா கணவாய்க் கதையைத் தொடங்கிவிட்டார், 2,429 மீற்றர். முன் பல்லுச்சக்கரத்தை இன்னும் சின்னதாய் மாற்றினால் மெசொக்கோ மாதிரி இடத்தில் கையாலேயே சமாளிக்கலாம் என்கிறார், இரண்டாவது பற்றரியை நான் இழுவண்டியில் கொண்டுவரலாமா என்று கேட்கிறார். கொண்டுவரலாம். பல்லின் எண்ணிக்கையைத்தான் இப்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்களில் யாராவது ஹாண்ட்பைக் வைத்திருந்து, எங்களோடு வர விரும்பினால் எழுதுங்கள், அந்தத் தடுப்புகளைத் தாண்டத் தூக்குவதற்கு இன்னும் இரண்டு கை இருந்தால் நல்லது.